மூலை ரூம் காலியில்லை

அந்தச் சாவியப் பாக்காதீங்க தம்பி. தொங்கத்தான் செய்யுது, ரூமும் காலியாத்தான் கெடக்கு, ஆனா தர மாட்டேன். முன்ரூம் இருக்கு, பஸ் ஸ்டாண்டு பாத்த ரூம் இருக்கு, எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. மூலை ரூம் மட்டும் கெடையாது. போன தடவ வந்தப்ப அதுலதான் தங்குனீக, வாஸ்தவந்தான். ரெண்டு பக்கமும் காத்து வரும், சன்னலத் தொறந்தா கதிரேசன் மலை தெரியும். அதனாலதான் இல்லங்கேன்.

உக்காருங்க. உங்க ரூமக் கூட்டிக்கிட்டு இருக்காக, முடியட்டும். செருப்ப அந்த ஸ்டாண்டுகிட்டயே விட்ருங்க. ஆமா, புதுசுதான். முன்னெல்லாம் ரூம் வாசல் வரைக்கும் போட்டுட்டுப் போவீக, இப்ப வாசல்லயே கழட்டிறணும். மழ பெஞ்சா ஒரே சகதி, மொசைக் தரை பாழாகுது. அதுக்குத்தான் வச்சேன். எங்கயும் பாத்துட்டு வந்து வைக்கல.

யாருக்கு அந்த ரூமா? ஜப்பான்லேருந்து ஒருத்தி வர்றா. சிரிக்காதீங்க. தூத்துக்குடி ஏர்போர்ட்டுல எறங்கியாச்சு, கார்ல ஏறியாச்சுன்னு எம் மக பூரணி போன் பண்ணிட்டா. பெரிய ஹோட்டலா பாத்து ஏற்பாடு பண்ணுடீன்னு நானும் சொல்லிப் பாத்தேன். திருநெல்வேலில இல்லாத ஹோட்டலா? மாட்டேங்கிறாளாம். தங்குனா பூரணி லாட்ஜுலதான் தங்குவேன்னு அந்த அம்மா ஒத்தக் கால்ல நிக்கிறாளாம். ஏன் நிக்கிறான்னு எனக்குத் தெரியும். சொல்றேன், கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, எம் மேல என்ன தப்புன்னு.

லாட்ஜுன்னா ஊருக்குள்ள என்ன நெனப்புன்னு உங்களுக்குத் தெரியும். கடைகளுக்கு ஆர்டர் எடுக்க ஊர் ஊரா லைனுக்குப் போற ஆளு நீங்க. எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்தப்ப பூரணி ஒண்ணாங் கிளாசு. லாட்ஜ வித்துரு செண்பகவல்லி, பொம்பள உக்கார்ற எடமா அதுன்னாக சொந்தக்காரக. உக்காந்தேன். இந்தா, இதே கவுண்டர்தான், இதே நாற்காலிதான். இன்னிக்கு வரைக்கும் இங்க போலீசு வந்து நின்னதில்ல. ஒரு குடிகாரன் சத்தம் போட்டதில்ல. போடுவான், ஒரு தடவ போடுவான். மறுநா காலையில கதவத் தொறந்து பாத்தா, வாசல்ல விட்ட செருப்பு படிக்கட்டப் பாத்துத் திரும்பி இருக்கும். அம்புட்டுத்தான். நான் வாயத் தொறக்க மாட்டேன். காலி பண்ணிட்டுப் போயிருவான்.

உங்களுக்குத் தெரியாதா? அட, இந்த ரோட்டுல யாரக் கேட்டாலும் சொல்லுவாகளே. பொம்பள ஒருத்தி, ஆம்பளைக்கு முன்னால நின்னு ரூமக் காலி பண்ணுடான்னு சொன்னா அவன் நாலு வார்த்த பேசுவான். நான் எதுக்குப் பேச்சு வாங்கணும்? வெள்ளன எந்திரிச்சுப் போய், காலால அந்தச் செருப்ப ஒரு தள்ளு தள்ளித் திருப்பி விட்டுட்டு வந்துருவேன். காலாலதான். அடுத்தவன் செருப்பக் கையால யாரு தொடுவா? அவனும் எதுக்குன்னு கேக்க மாட்டான். கேக்கவும் கூடாது. அதான் இங்க மொற. செருப்பு திரும்பிருச்சுன்னா மானமுள்ளவன் போயிறணும்.

அப்படிக் கட்டிக் காத்த லாட்ஜுதான் எம் மகளுக்கு வெனையா வந்துச்சு. மாப்பிள்ள வீட்டுக்காரக வருவாக. பொண்ணு லட்சணமா இருக்கு, இஞ்சினியருக்குப் படிச்சிருக்கு, எல்லாஞ் சரின்னு பஜ்ஜி தின்பாக. அங்கிட்டுப் போய், அம்மா லாட்ஜ் நடத்துறதுதான் ஒரு மாதிரியா இருக்குன்னு ஆள் விட்டுச் சொல்லுவாக. ரெண்டு வீடு அப்படிச் சொல்லுச்சு. ரெண்டாவது வீட்டுக்காரர் இதே லாட்ஜுல வந்து தங்குன மனுசந்தான். கேட்டுக்கிடுங்க.

அவளுக்கு ஒசாகாவுல வேல கெடச்சு, போயிட்டா. போன வருசம் ஒரு நா போன்ல சொன்னா. அம்மா, கூட வேல பாக்குற பையன், பேரு டகுமி, எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா நீ வந்து அவங்க வீட்டப் பாக்கணும். பாத்துட்டு நீ வேண்டாம்னு சொன்னா நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். எனக்கு நீதாம்மா எல்லாம்னு சொன்னா. இப்படி ஒரு பாரத்தத் தூக்கித் தலையில வச்சா, போகாம இருக்க முடியுமா? ஸ்வெட்டரு எல்லாம் வாங்கிக்கிட்டுப் போனேன்.

போய் எறங்குனா, அவ இருக்குற எடத்துல ஒரு ஆளு திரும்பிப் படுக்க முடியாது. அதனால ஸ்டேஷன் பக்கத்துல ஒரு சாதா ஹோட்டலுல ரெண்டு பேரும் தங்குனோம். தம்பி, நீங்க எப்பவாச்சும் அந்த ஊருக்குப் போனா அதுலதான் தங்கணும். எம் பேச்சக் கேளுங்க. ரூமு தீப்பெட்டி கணக்கா இருக்கும். கட்டில விட்டு எறங்குனா செவரு. ஆனா என்ன சுத்தம்! வாசல்ல ஒரு மிஷினு, அதுல தட்டுனா சாவி வரும். யாரு நீ, எந்த ஊரு, கூட வந்தது யாருன்னு ஒரு கேள்வி கெடையாது. வெந்நி போட ஒரு கெண்டி, தல தொவட்ட ஒரு துண்டு, கதவுக்கு நல்ல பூட்டு. லாட்ஜுன்னா வேறென்ன வேணும்? பூட்டுதான தம்பி லாட்ஜு. எனக்கு அங்க நிம்மதியா தூக்கம் வந்துச்சு.

பையன் வீடு அங்கேருந்து ரயில்ல போகணும். அவனுக்கு லீவு கெடைக்கல, நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான் போனோம். மலைக்குள்ள வெந்நி ஊத்து இருக்கிற ஊரு. வீடுன்னா வீடு மட்டும் இல்ல, அவுகளும் வழிவழியா சத்திரம் நடத்துறவுக. ரியோகான்னு சொல்றாக. அந்தப் பையனோட அம்மா, சுமிகோன்னு பேரு, அவதான் கவனிச்சுக்கிடுறா. புருசன் இல்ல. பாத்தியாம்மா, அவங்களும் உன்னய மாதிரி லாட்ஜ்காரிதான்னு ரயில்ல வரும்போது பூரணி குதிச்சா. எனக்கு அது பிடிக்கல. நான் கவுண்டருல உக்காந்து, போற வர்றவன் மொறைக்கிற மொறையெல்லாம் வாங்கிக்கிட்டு நடத்துறவ. அவ பட்டுல உடுத்திக்கிட்டு நடத்துறவ. ரெண்டும் ஒண்ணா?

நான் முன்னாலயே சொன்னேன். பாரு பூரணி, பகல்ல போய் அவுக வீட்டப் பாப்போம், பேசுவோம், சாயங்காலம் இந்த ஹோட்டலுக்கே திரும்பிருவோம்னு. அவ கேக்கல. ஹோட்டல் எங்கயும் இருக்கும்மா, அவங்க எப்படி இருக்காங்கன்னு தெரியணும்னா அவங்க சத்திரத்துல ஒரு ராத்திரி தங்கணும்னா. கெஞ்சுனா. சரின்னேன். அதான் நான் செஞ்ச தப்பு, வேற ஒண்ணுமில்ல.

வாசல்லயே அந்த அம்மா வந்து முட்டி போட்டு உக்காந்து கும்பிட்டா. நானும் கும்பிட்டேன். செருப்பக் கழட்டி விட்டுட்டு உள்ள போனோம். குளிருக்கு சாக்ஸ் மேல செருப்பு போட்டிருந்தேன், ஷூ கடிச்சிருச்சு. உள்ள போனா, பாய் போட்ட ரூமு. கட்டில் இல்ல, நாற்காலி இல்ல. கதவு எதுல செஞ்சிருக்காகங்கிறீக? காகிதம்! காகிதக் கதவு தம்பி. தாப்பா எங்கன்னு தேடுறேன், தாப்பாளே கெடையாது. நாம சாப்பிட்டுக்கிட்டு இருக்குற நேரத்துல அவுக ஆளுக உள்ள வந்து மெத்தை விரிச்சிட்டுப் போவாகளாம். என் பெட்டி உள்ள இருக்க, எவரோ வந்து போவாகளாம். இதுக்குப் பேரு உபசாரம்னு எம் மக சொல்றா. இதே உபசாரத்த நான் இங்க பண்ணுனா நீங்க சும்மா விடுவீகளா?

அந்த அம்மா டீ கொண்டாந்து வச்சா. பச்சையா, கசப்பா, ஆனா பரவாயில்ல. என்னயப் பாத்துச் சிரிச்சா. நானும் சிரிச்சேன். பாஷை தெரியாட்டி சிரிக்கத்தான முடியும். அப்புறம் பொது எடத்துல குளிக்கணும்னு சொன்னாக. பொம்பளைகளுக்குத் தனியாத்தான், ஆனா உடம்புல ஒரு துணி இருக்கக் கூடாதாம். நான் குத்தாலத்துல அம்பது பொம்பளைகளோட நின்னு குளிச்சவ, ஆனா சேலையோட. நீ போய்க் குளிச்சுட்டு வா தாயின்னு பூரணிய அனுப்பிட்டேன்.

அவ போனதும், கொஞ்சம் வெளியில நின்னு பாப்போம்னு வாசலுக்கு வந்தேன். வந்து பாத்தா, என் செருப்பு தெருவப் பாத்துத் திரும்பி இருக்கு.

ரெண்டும் ஒட்டுனாப்புல, அணிவகுத்து வச்ச மாதிரி, மூக்கு வெளிய பாத்து இருக்கு. நான் கழட்டுனப்ப உள்ள பாத்துத்தான் கழட்டுனேன், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பூரணியோடதும் திரும்பி இருக்கு. வந்து ஒரு டீ குடிச்சு முடிக்கல. என்ன செஞ்சோம்? சத்தம் போட்டோமா, குடிச்சோமா? சொல்லுங்க தம்பி, நீங்களா இருந்தா என்ன நெனப்பீக? எத்தன பேருக்கு நான் அதத் திருப்பி விட்டிருக்கேன். எனக்கு அர்த்தம் தெரியாதா? அந்த ரெண்டு வீட்டுக்காரகளாவது ஆள் விட்டுச் சொன்னாக. இவ என் பாஷையிலயே சொல்லிட்டான்னு நெனச்சேன். லாட்ஜ்காரி, எந்திரிச்சுப் போன்னு சொல்லிட்டா.

மானமுள்ளவன் கேக்கக் கூடாதுல்ல? நான் கேக்கல. பெட்டிய எடுத்தேன், செருப்ப மாட்டுனேன், எறங்கி நடந்தேன். மாட்டுறதுக்கு வசதியாத்தான் இருந்துச்சு, அது வேற விசயம். அந்த எறக்கத்துல பெட்டி உருண்டு எனக்கு முன்னால ஓடுது, நான் பின்னால ஓடுறேன். கண்ணுல தண்ணி. குளிருக்கு அப்படி வரும்.

கீழ, அந்த ஊரு ஸ்டேஷன் பக்கத்துலயும் அதே மாதிரி ஒரு சாதா ஹோட்டல் இருந்துச்சு. உள்ள போய் மிஷினு முன்னால நின்னேன். எனக்கு என்ன தட்டணும்னு தெரியல, அதுக்கு என்ன கேக்கணும்னு தெரியல. ஆனா ஒண்ணு சொல்றேன், அது என்னய வெளிய போன்னு சொல்லல. அந்த ஹோட்டல நான் குறையே சொல்ல மாட்டேன்.

நின்னுக்கிட்டே இருந்தேன். அப்பப் பூரணி ஓடி வந்தா பாருங்க. சத்திரத்துல குடுத்த அங்கி, காலுல மரச்செருப்பு, தல பூரா ஈரம், அந்தக் குளிருல. என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சுன்னா. நான் விசயத்தச் சொன்னேன். அவ தலையில கைய வச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. அம்மா, அது போங்கன்னு அர்த்தம் இல்லம்மா. வந்தவங்க திரும்பிப் போறப்ப குனியாம, திரும்பாம, நேரா மாட்டிக்கிட்டுப் போகட்டும்னு செய்யுற மரியாதை. அந்த அம்மாவே கையால எடுத்துத் திருப்பி வச்சாங்கம்மான்னா.

கையாலன்னு சொன்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா விட்டுக் குடுக்கல. சரிடி, மரியாதையாவே இருக்கட்டும். வந்தவ இன்னும் உக்காந்து எந்திரிக்கல, அதுக்குள்ள கெளம்புறதப் பத்தி என்ன நெனப்புன்னு கேட்டேன். நீங்க சொல்லுங்க, இந்தக் கேள்விக்கு என்ன பதிலு? அவ அழுதா. அப்ப வேண்டாம்னு சொல்லிட்டியாம்மான்னா. அங்க திரும்பி வர மாட்டேன்னு மட்டும் சொன்னேன். வெளியேறுன வாசல்ல நானா போய் எப்படி ஏறுறது? பூரணிதான் மிஷினத் தட்டி ரூம் எடுத்தா. ரெண்டு பேரும் அந்தத் தீப்பெட்டிக்குள்ள ஆளுக்கொரு செவரப் பாத்துப் படுத்துக் கெடந்தோம்.

காலையில கீழ எறங்குனா, அந்த அம்மா நிக்கிறா. சுமிகோ. கையில என் மூக்குக் கண்ணாடி. டீ குடிச்ச எடத்துலயே விட்டுட்டு வந்திருக்கேன். ஒரு துணியில சுத்தி, குழந்தையத் தூக்குற மாதிரி ரெண்டு கையாலயும் நீட்டுறா. வாங்கிக்கிட்டேன். கண்ணாடி என்னுது, வாங்காம என்ன செய்ய?

ராத்திரியே பூரணி போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டா போலிருக்கு. என் லாட்ஜு, படிக்கட்டு, செருப்பு எல்லாத்தையும். அந்த அம்மா ஏதோ கேட்டா. நெசமாவே செருப்பத் திருப்புனா உங்க ஊர்ல போயிருவாங்களான்னு கேக்குறாங்கம்மான்னா பூரணி. போயிருவாகன்னேன். உடனே அவ சிரிச்சா பாருங்க, வாயப் பொத்திக்கிட்டு, குலுங்கிக் குலுங்கி. நான் சிரிக்கல. சிரிக்கவே இல்ல. எங்க சத்திரத்துல குடிச்சிட்டு ஆட்டம் போடுறவங்கள வெளிய அனுப்ப எனக்கு ஒரு வழியும் தெரியல, குனிஞ்சு குனிஞ்சு முதுகுதான் போச்சு, முன்னாலயே உங்களப் பாத்திருக்கணும்னு சொன்னாளாம். அந்த வார்த்த கொஞ்சம் பரவாயில்லன்னு பட்டுச்சு.

அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு என்னய நேராப் பாத்து ஒண்ணு சொன்னா. பூரணி அதத் தமிழ்ல சொல்லாம நகத்தக் கடிச்சா. சொல்லுடின்னேன்.

"உங்க ஊருக்கு நான் வருவேன். உங்க லாட்ஜுலதான் தங்குவேன். என் செருப்ப உள்ள பாத்தே விடுவேன். நீங்க அதத் திருப்பி வச்சா, எந்தப் பேச்சும் வேண்டாம், இந்தக் கல்யாணம் வேண்டாங்கிறதுதான் உங்க பதில்னு எடுத்துக்கிட்டு நான் போயிருவேன்."

எப்படி இருக்கு பாருங்க. என் ஆயுதத்தையே எடுத்து என் கையில குடுத்துட்டா. நான் வாங்கன்னும் சொல்லல, வராதீங்கன்னும் சொல்லல. விமானத்துல ஏறி வந்துட்டேன். அன்னியிலேருந்து பூரணி போன் பண்ணுவா, சாப்பிட்டியாம்பா, மாத்திரை போட்டியாம்பா. கல்யாணப் பேச்ச மட்டும் எடுக்க மாட்டா. இன்னிக்குத் தெரிஞ்சிரும்னு அவ கார்ல ஒக்காந்து நகத்தக் கடிச்சுக்கிட்டு வருவா. சின்னப் பிள்ளையிலேருந்து அப்படித்தான்.

நான் மாறிட்டேன்னு நெனைக்காதீங்க. இப்பவும் சொல்லுவேன், காகிதக் கதவுள்ள எடம் தங்குற எடமே இல்ல. யாரு ஜப்பானுக்குப் போறேன்னாலும் அந்த மிஷினு வச்ச ஹோட்டலத்தான் சொல்லுவேன். மூலை ரூமா? ஏன், சன்னல் வழியா எட்டிப் பாத்துட்டீகளா? கட்டில் காலு ஆடுச்சு, எடுத்துப் போட்டுட்டேன். அதுக்குப் பதிலா ஒரு பத்தமடைப் பாயும் மேல இலவம்பஞ்சு மெத்தையும் போட்டிருக்கேன். கட்டில் இல்லாட்டி மெத்தையக் கீழதான போட முடியும்? உள்ள புதுத் தாப்பா போட்டிருக்கேன், அதையும் பாத்தீகளா? தாப்பா இல்லாம என் லாட்ஜுல ஒரு ரூமு இருக்காது. தாப்பான்னா என்னன்னு அவளும் தெரிஞ்சுக்கிடட்டும்.

இருங்க, காரு சத்தம்.

அவுகதான். பூரணி எறங்குறா. எளச்சுப் போயிட்டா பாருங்க. அந்தா, அதுதான் சுமிகோ. பருத்திச் சேலை கட்டியிருக்காக! இது எம் மக வேலையாத்தான் இருக்கும், கொசுவம் பூரா பின்னால தொங்குது. வாங்க, வாங்க. பூரணி, படிய மெதுவா ஏறச் சொல்லு, ரெண்டாவது படி ஒசரம். பாத்தீகளா தம்பி? செருப்ப உள்ள பாத்தே கழட்டி விட்டுட்டாக. சொன்ன சொல்லுக்கு அப்படியே.

என்னடி அங்கேயே நின்னுக்கிட்டு என் மூஞ்சியப் பாக்குற? சாவி இந்தா இருக்கு. அவுக பெட்டியத் தூக்கிக்கிட்டு மூலை ரூமுக்குப் போ. வெந்நி காஞ்சு கெடக்கு, முதல்ல குளிக்கட்டும். அப்புறம் சாப்பிட்டுட்டு மாப்பிள்ளைக்குப் போன் பண்ணணும், நான் பேசணும். அழாத, போ.

போயிட்டாகளா? கொஞ்சம் தள்ளுங்க தம்பி, வழியில நிக்கிறீக. ஒரு செருப்பு கோணலாக் கெடக்கு. இந்தா, இப்ப சரியா இருக்கு, ரெண்டும் உள்ள பாத்து. இனி யாரும் இதத் தொடக் கூடாது, சொல்லிட்டேன். அவுகளா கெளம்புற வரைக்கும் இப்படியே கெடக்கும்.

என்ன அப்படிப் பாக்குறீக? ஆமா, கையாலதான் தொட்டேன். அதுக்கென்ன இப்ப?